பேரடைகள் உரசும்போது விண்மீன்கள் ஏன் பிறக்கின்றன?

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டது: "இரண்டு பேரடைகள் உரசிக்கொண்டு போனால் புதிய விண்மீன்கள் ஏராளமாகப் பிறக்கும் என்று படித்தேன். விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? எல்லா உரசலிலும் இது நடக்குமா? நம் பக்கத்திலிருந்து இப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியுமா?"

இரண்டும் உண்மைதான். பேரடை (நமது பால்வீதிபோல் ஈர்ப்பால் பிணைந்த பெரும் விண்மீன் மண்டலம்) என்றதும் நமக்கு விண்மீன்கள் நினைவுக்கு வருகின்றன, வாயு வருவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

விண்மீன்கள் ஏன் மோதுவதில்லை என்பதைக் கணக்காகவே பாருங்கள். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர். அடுத்த விண்மீன் 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. சூரியனை ஒன்றரை மில்லிமீற்றர் கடுகாக்கினால் அடுத்த கடுகு 40 கிலோமீற்றருக்கும் சற்று அப்பால் விழும். ஒன்றை மட்டக்களப்பு நகரில் வைத்தால் மற்றது கல்முனையில். நடுவில் இருக்கும் உங்கள் ஊரில் ஒரு மணியும் இல்லை. இப்படிப் பரவிய இரண்டு கடுகுக் கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவினால் மணியும் மணியும் உரச வாய்ப்பே இல்லை.

பேரடைகளின் நிலை வேறு. பால்வீதி ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு அகலம். அதை 25 சென்ரிமீற்றர் சாப்பாட்டுப் பீங்கான் என்று வைத்தால், 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அன்ட்ரோமீடா ஆறு மீற்றருக்கு அப்பால், அதே மண்டபத்தின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு பீங்கான். நமக்கு அருகிலுள்ள சிறு பேரடையான பெரிய மகெல்லன் மேகம் 40 சென்ரிமீற்றரில். ஆகவே பேரடைகள் இடித்துக்கொள்வது அதிசயமில்லை. அவற்றுக்குள் இருக்கும் வாயு முகில்கள் பத்துக்கணக்கான ஒளியாண்டு முதல் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு வரை அகலமானவை. அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும்போது இரண்டு வயல்களிலிருந்து எழும் புகை ஒன்றை ஒன்று தொடாமல் கடந்துபோவதைக் கண்டிருக்கிறீர்களா? இல்லை, கலந்துவிடும். வாயுவும் அப்படித்தான். மோதும், அமுங்கும், சூடாகும், வேகத்தை இழக்கும். விண்மீன்களுக்கு இதில் எதுவும் நடப்பதில்லை.

இனி விண்மீன் பிறக்க என்ன வேண்டும் என்பது. குளிர்ந்த மூலக்கூற்று ஐதரசன் வேண்டும், 10 முதல் 20 கெல்வின் அளவில். ஒரு முகிலின் சொந்த ஈர்ப்பு அதன் உள் அமுக்கத்தை வென்றால்தான் அது சரியும். அதற்குத் தேவையான குறைந்தபட்சத் திணிவை ஜீன்ஸ் திணிவு என்பார்கள். வெப்பநிலை கூடினால் அது கூடும், அடர்த்தி கூடினால் குறையும். எனவே வாயுவைச் சூடாக்காமல் நெருக்குகிற எதுவும் விண்மீன் பிறப்புக்கு உதவும். நெருக்கும்போதே கொதிக்கவைத்துக் கலக்கினால் கெடுக்கும். கீழே சொல்லப்போகும் விதிவிலக்குகள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வருபவை.

சாதாரண சுருள் பேரடையில் வாயு ஏன் தானாக நடுவில் விழுவதில்லை? கோண உந்தம் (சுற்றும் பொருளின் திணிவு, வேகம், ஆரை மூன்றையும் பெருக்கிய அளவு). நமது மட்டக்களப்பு வாவியை நினைத்துப் பாருங்கள். மழைநீர் நிரம்பி நிற்கும். கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முகத்துவாரத்து மணல்மேடு வெட்டப்படும்வரை நீர் போகாது. பேரடையில் அந்த மணல்மேட்டின் வேலையைக் கோண உந்தம் செய்கிறது. மையத்திலிருந்து 25,000 ஒளியாண்டில் செக்கனுக்கு 220 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றும் வாயு, அதே வேகத்தோடு 1,000 ஒளியாண்டு ஆரைக்கு இறங்க வேண்டுமானால் தன் கோண உந்தத்தில் நூற்றுக்கு 96 பங்கை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். தனித்த பேரடையில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல நூறு கோடி ஆண்டுகளில்தான் நகரும்.

அயல் பேரடை வந்து கடக்கும்போது மேடு வெட்டப்படுகிறது. எப்படி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வந்த பேரடை வாயுவை நேராக இழுத்து மையத்தில் கொட்டுவதில்லை. கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்கும் அதே வகை விசை இது. அருகிலுள்ள பக்கத்தைக் கூடவும் தொலைவிலுள்ள பக்கத்தைக் குறையவும் இழுத்து, வட்டமான தட்டை நீட்டிவிடுகிறது. நீண்ட தட்டின் நடுவில் விண்மீன்கள் சேர்ந்து ஒரு பட்டை வடிவம் எடுக்கின்றன. வாயுவும் பட்டையாகிறது. ஆனால் வாயு முகில்கள் ஒன்றோடொன்று மோதி ஆற்றலை இழப்பதால் வாயுப் பட்டை, விண்மீன் பட்டைக்குச் சில பாகை முன்னே ஓடும். பின்னால் வரும் விண்மீன் பட்டை அதை ஈர்ப்பால் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த முறுக்கத்தில் வாயுவின் கோண உந்தம் விண்மீன்களுக்குப் போகிறது. வாயு உள்ளே வழிகிறது. வாயுவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதன் சொந்தப் பேரடையின் விண்மீன்களே. விருந்தாளி செய்தது தட்டைக் கோணலாக்கியது மட்டும். 1990களில் ஜோஷுவா பார்ன்ஸ், லார்ஸ் ஹேர்ன்குயிஸ்ட் ஆகியோரின் கணினி மாதிரிகள் இதைத் தெளிவாகக் காட்டின. அதற்கு முன் 1972 இல் அலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் மிக எளிய கணக்கிலேயே, பேரடைகளுக்கு இடையே தெரியும் பாலங்களும் நீண்ட வால்களும் ஈர்ப்பால் மட்டுமே உண்டாகக்கூடியவை என்று நிறுவிவிட்டார்கள்.

உள்ளே வழிந்தால் எவ்வளவு கூடும்? விண்மீன் உருவாகும் வீதம் வாயுவின் பரப்படர்த்தியின் (ஓர் அலகு பரப்பிலுள்ள வாயுத் திணிவின்) ஏறத்தாழ 1.4 ஆம் அடுக்கில் போகிறது. ரொபேர்ட் கெனிகட் 1998 இல் பல பேரடைகளை வைத்து ஒழுங்குபடுத்திய விதி இது. மேலே சொன்ன உதாரணத்தில் ஆரை 25 இல் ஒன்றானால் பரப்பு 625 இல் ஒன்றாகும். மொத்த வீதம் வாயுத் திணிவின் 1.4 ஆம் அடுக்கையும் பரப்பின் −0.4 ஆம் அடுக்கையும் பெருக்கியது. 625 இன் 0.4 ஆம் அடுக்கு ஏறக்குறைய 13. ஒரு துளி வாயுவும் புதிதாக வராமலே, இருக்கும் இடம் மாறியதால் மட்டும் 13 மடங்கு. முழு வாயுவும் ஒருபோதும் உள்ளே போகாது. பாதி போனாலும் அந்தப் பாதி மட்டுமே பழைய மொத்த வீதத்தைப்போல 5 மடங்கு தரும். கல்கியூலேற்றரில் போட்டுப் பாருங்கள், தேர்வுக்கும் நல்ல பயிற்சி.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சாதாரண சுருள் தட்டில் மூலக்கூற்று வாயு இன்றைய வீதத்தில் தீர ஏறத்தாழ 200 கோடி ஆண்டு பிடிக்கும். 13 மடங்கு வேகத்தில் எரித்தால் 15 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். வெடிப்புப்போல எழும் இந்தப் பிறப்பு நிலைக்காது.

எல்லாப் பிறப்பும் மையத்தில் நடப்பதாகவும் எண்ண வேண்டாம். சில இடங்களில் வற்றுப்பெருக்கு விசை நீட்டுவதற்குப் பதிலாக எல்லாத் திசையிலிருந்தும் நெருக்கும். இரண்டு பேரடைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியில் இது அடிக்கடி நிகழும். பஞ்சாங்கத்தில் அத்த நட்சத்திரம் என்று வரும் ஐந்து விண்மீன்கள் இருக்கும் காகம் என்ற கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 7 கோடி ஒளியாண்டில், அன்ரெனா பேரடைகள் (என்ஜிசி 4038, 4039) இருக்கின்றன. அவற்றின் மிகக் கடுமையான பிறப்பு இரண்டு மையங்களிலும் இல்லை, இடைப்பட்ட படிவுப் பகுதியில் இருக்கிறது. அங்கே தூசி மூடியிருப்பதால் சாதாரண ஒளிப்படத்தில் கறுப்பாகத் தெரியும். செங்கீழ்க் கதிரில் (அகச்சிவப்பில்) பார்த்தால் தீயாக எரியும். ஹபிள் தொலைகாட்டி இந்தச் சோடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகளைக் காட்டியது.

பேரடை ஒன்று இன்னொன்றின் நடுவால் நேராகப் புகுந்து போனால் வேறொரு வடிவம் வரும்: குளத்தில் கல் போட்டதுபோல் நெருக்க வளையம் ஒன்று வெளியே பரவும், வளையம் போகும் பாதையில் விண்மீன்கள் பிறக்கும். சுமார் 50 கோடி ஒளியாண்டிலுள்ள வண்டிச்சக்கரப் பேரடை இதற்கு உதாரணம்.

அடுத்த கேள்வி, எல்லா உரசலிலும் நடக்குமா. நடக்காது. ஏன் நடக்காது என்பதுதான் நடப்பதைவிடச் சுவையானது.

தூரம் முதலாவது. வற்றுப்பெருக்கு விசை தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். இடைவெளி பாதியானால் விசை 8 மடங்கு. அடுத்தது வேகம். செக்கனுக்கு 200 கிலோமீற்றரில் மெல்லக் கடப்பவை ஒன்றையொன்று நீண்டநேரம் கலைக்கும். பெரும் பேரடைக் கொத்துகளில் 1,000 கிலோமீற்றரில் பறப்பவை தட்டைக் கோணலாக்குவதற்குள் போய்விடும். அதனால்தான் பேரடைகள் மிக நெருக்கமாக இருக்கும் கொத்துகளைவிடச் சிறிய குழுக்களில் இந்தக் காட்சிகள் அதிகம். தட்டு சுழலும் திசையிலேயே விருந்தாளியும் சுற்றிவந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல விளைவு பெருகும். எதிர்த்திசையில் வந்தால் தள்ளல்கள் ஒன்றையொன்று அழிக்கும்.

பிறகு வாயு இருக்கிறதா என்பது. வாயு தீர்ந்த இரண்டு நீள்வட்டப் பேரடைகள் ஒன்றானால் பெரிய நீள்வட்டப் பேரடை கிடைக்கும், புதிய விண்மீன் கிடைக்காது. அடுப்பு இருக்கிறது, விறகு இல்லை. நடுவில் பருத்த விண்மீன் குமிழ் உள்ள பேரடைகளில் பட்டை எளிதில் உருவாகாது. வாயு காத்திருந்து, இரண்டும் இறுதியாக ஒன்றுசேரும்போதுதான் உள்ளே விழும்.

வாயு நிறைய இருந்தும் விண்மீன் பிறக்காத இடங்களும் உண்டு. ஸ்டெஃபானின் ஐவர் என்ற குழுவில் ஒரு பேரடை, குழுவுக்கு இடையிலுள்ள வாயுவைச் செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் வேகத்தில் இடிக்கிறது. இடித்த இடத்தில் மூலக்கூற்று ஐதரசன் ஏராளம்; ஆனால் அது கொந்தளித்து ஆற்றலைக் கதிராக வீசிக்கொண்டிருக்கிறது. சரிந்து விண்மீனாக அதற்கு ஓய்வில்லை. யூஜிசி 12914, 12915 என்ற சோடி நேருக்குநேர் மோதி விலகியபோது இடையில் இழுபட்ட வாயுப் பாலமும் அப்படித்தான், வாயுவின் அளவுக்கு விண்மீன் இல்லை. கொத்துகளில் இன்னொரு கெடுதி: கொத்தை நிரப்பியிருக்கும் மிகச் சூடான வாயுவுக்குள் பேரடை பாயும்போது அதன் குளிர்ந்த வாயு பின்னோக்கி உரியப்படும். உரியப்படும் வாலில் கொஞ்சம் விண்மீன் பிறக்கும், பேரடை பட்டினி கிடக்கும்.

ஆகவே சராசரி எண்கள் படங்களைப்போல அதிரடியாக இருப்பதில்லை. ஸ்லோன் என்ற பெரும் வான் கணக்கெடுப்பின் பெருந்தொகைச் சோடிகளை வைத்துப் பார்த்தால், மிக நெருங்கிய சோடிகளில் விண்மீன் பிறப்பு சராசரியாக 2 முதல் 3 மடங்கு. விலகவிலகக் குறையும். ஆனாலும் சிறு அளவில் நான்கைந்து இலட்சம் ஒளியாண்டு இடைவெளி வரை தெரிகிறது. அவ்வளவு தூரத்தில் எப்படி என்று கேட்டால், அவை ஏற்கெனவே ஒருமுறை நெருங்கிக் கடந்து இப்போது விலகியிருப்பவை.

ஒரு முனையில் எம்82 போன்றவை இருக்கின்றன. 1.2 கோடி ஒளியாண்டில் எம்81 இன் அருகே இருக்கும் இந்தச் சிறிய பேரடை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சூரியத் திணிவு விண்மீன்களை உருவாக்குகிறது. அதைவிடப் பெரிய நமது பால்வீதி ஒன்று முதல் இரண்டு சூரியத் திணிவுதான். சாதாரண ஒளியில் எம்81, எம்82 இரண்டும் தொடாமல் தனித்தனியாக நிற்கும்; ஐதரசனின் 21 சென்ரிமீற்றர் வானொலி அலையில் பார்த்தால் இரண்டையும் பக்கத்திலுள்ள என்ஜிசி 3077 ஐயும் வாயு இழைகள் கட்டிவைத்திருப்பது தெரியும். எம்82 இல் பிறந்த பெரும் விண்மீன்களின் காற்றும் மீயொளிர் வெடிப்புகளும் (சுப்பர்நோவாக்களும்) சேர்ந்து வாயுவைத் தட்டுக்கு மேலும் கீழும் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு ஊதித் தள்ளுகின்றன. வெடிப்பு தன் விறகைத் தானே சிதறடிக்கிறது. இன்னும் கடுமையானது ஆர்ப் 220. 25 கோடி ஒளியாண்டில் இரண்டு பேரடைகள் ஒன்றாகும் கடைசிக் கட்டம். சூரியனைப்போல ஓர் இலட்சம் கோடி மடங்குக்கு மேல் ஒளிர்கிறது, அதில் பெரும்பகுதி செங்கீழ்க் கதிராக. 1983 இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் இத்தகைய பேரடைகளைக் கூட்டமாகக் கண்டுபிடித்தது. அவற்றில் மிக ஒளிர்பவை கிட்டத்தட்ட எல்லாமே மோதிக்கொண்டிருப்பவை.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மிகக் கடுமையான பிறப்பு எங்கே என்று தேடினால் மோதல் கிடைக்கும். மோதல் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் மிதமான கூடுதல்தான் கிடைக்கும். அண்டத்தின் பெரும்பாலான விண்மீன்கள் அமைதியான தட்டுகளில் பிறந்தவை. பழங்காலப் பேரடைகளில் வாயு ஏற்கெனவே மிகுந்து கொந்தளித்திருந்ததால் அங்கே மோதல் கூட்டித் தந்ததும் குறைவு என்று மாதிரிகள் காட்டுகின்றன.

இந்த எண்களை அளக்கும்போது எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இணையத்தில் படம் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். பக்கத்தில் தெரிவதெல்லாம் பக்கத்தில் இல்லை. மேலே சொன்ன ஸ்டெஃபானின் ஐவரிலேயே என்ஜிசி 7320 ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டில் முன்னால் நிற்கிறது. மற்ற நான்கும் 29 கோடியில். செந்நிறப்பெயர்ச்சியை (பேரடை விலகும் வேகத்தைக் காட்டும், ஒளியின் சிவப்புப் பக்க நகர்வை) அளந்து, வேக வித்தியாசம் செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றருக்குள் இருந்தால்தான் சோடி என்று எடுப்பார்கள். எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஐதரசனின் சிவப்புக் கோடான எச்-அல்பா கடைசி ஒரு கோடி ஆண்டைச் சொல்லும், புறஊதா கடைசிப் பத்துக் கோடி ஆண்டைச் சொல்லும். வெடிப்பு அணைந்து மூன்று கோடி ஆண்டான பேரடை ஒன்றில் முதலாவது "இல்லை" என்னும், இரண்டாவது "இருக்கிறது" என்னும். இரண்டும் பொய் சொல்லவில்லை. தூசி இரண்டையும் மறைக்கும், அப்போது செங்கீழ்க் கதிர் வேண்டும். செங்கீழ்க் கதிரிலோ மையக் கருந்துளை சூடாக்கிய தூசி விண்மீன் பிறப்பாக வேடம் போடும். ஸ்லோனின் முதற்கட்ட நிறமாலைகள் 3 விநாடிப்பாகை இழையால் மையத்தை மட்டும் எடுத்தவை, எனவே அன்ரெனா போல வெளியே நடக்கும் பிறப்பு அவற்றில் தவறும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோடிப் பேரடையை அதே திணிவும் அதே தூரமும் அதே சூழலும் உள்ள தனிப் பேரடையோடு ஒப்பிடாவிட்டால் "மடங்கு" என்ற சொல்லுக்கே பொருளில்லை.

வாயு உண்மையில் வெளியிலிருந்து உள்ளே போனதா என்பதற்கு ஒரு நல்ல கைரேகை உண்டு. தட்டின் வெளிப்புற வாயுவில் ஒட்சிசன் குறைவு, உட்புறத்தில் அதிகம். நெருங்கிய சோடிகளின் மையத்தில் ஒட்சிசன் விகிதம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருக்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றியதைப்போல. மேலே சொன்ன முறுக்கக் கதைக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

நமது பால்வீதியும் தப்பவில்லை. 1994 இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசுக் குறும்பேரடை நம்மைச் சுற்றிச் சுற்றிக் கிழிந்துகொண்டிருக்கிறது. கையா விண்கலத்தின் தரவை வைத்து 2020 இல் வெளியான ஆய்வு, சூரியனுக்கு அண்மைப் பகுதியில் விண்மீன் பிறப்பு ஏறத்தாழ 570, 190, 100 கோடி ஆண்டுகளுக்கு முன் மூன்று முறை எகிறியதாகவும், அவை அந்தக் குறும்பேரடை நெருங்கிக் கடந்த காலங்களோடு பொருந்துவதாகவும் காட்டியது. அன்ட்ரோமீடாவுடன் நிச்சயம் மோதுவோம் என்று 2012 முதல் சொல்லிவந்தார்கள். 2025 இல் வந்த கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் அதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பே என்கிறது.

கடைசிக் கேள்வி, கண்ணால் பார்ப்பது. முடியும். பெரிய மகெல்லன் மேகமும் சிறிய மகெல்லன் மேகமும் நம்மையும் ஒன்றையொன்றும் இழுத்துக்கொண்டிருப்பவை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுக்கு முன் இரண்டும் மிக நெருங்கின. இடையே வாயுப் பாலம், அந்தப் பாலத்துக்குள்ளேயே பிறந்த இளம் விண்மீன்கள், பின்னால் வானத்தில் நூறு பாகைக்கு மேல் நீளும் மகெல்லன் ஓடை. பெரிய மேகத்திலுள்ள, விண்மீன்கள் பிறக்கும் வாயு முகிலான தரந்துலா நெபுலாவில் சூரியனைப்போல 150 மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன்கள் இருக்கின்றன. சிறிய மேகத்திலிருந்து பறிக்கப்பட்ட வாயு அங்கே வந்து இடித்ததே அதன் தொடக்கம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

மட்டக்களப்பின் அகலாங்கில் பெரிய மேகம் தென்தொடுவானுக்கு மேலே அதிகபட்சம் 12 பாகைதான் ஏறும். கை நீட்டிப் பிடித்த முட்டி ஏறத்தாழ 10 பாகை, ஆகவே ஒரு முட்டிக்குச் சற்று மேல். கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடி வெளிச்சம் அதே உயரத்தில் வானத்தை வெளுத்துவிடும். அம்பாறை மாவட்டத்தின் தென்முனைக்குப் போங்கள்: பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை. அங்கே 13 பாகைக்கு மேல் ஏறும், தெற்கே பெரிய ஊரும் இல்லை.

மேகம் வசதியாக உயரும் மார்கழி இரவுகளை வடகீழ்ப் பருவமழை தின்றுவிடும். மழை விட்டபின் பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 7.45 அளவில் அது தெற்கே உச்சத்தில் இருக்கும். முதலில் அகத்தியர் விண்மீனை (கனோபஸ்) பிடியுங்கள். தெற்கே மூன்று முட்டி உயரத்தில் மிகப் பிரகாசமாக நிற்கும். அதிலிருந்து ஒன்றரை முட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கி, கொஞ்சம் வலப்பக்கம். முகில் துண்டுபோல மங்கலான திட்டு தெரியும். அந்தத் தாழ்வில் காற்றுமண்டலம் பாதிக்கு மேல் ஒளியை விழுங்கும், அதனால் 7x50 இருகண்காட்டி ஒன்று இருந்தால் நல்லது. அதில் தரந்துலா ஒரு பொட்டாகப் பிரியும். சிறிய மேகம் அப்போது தொடுவானில் விழுந்துவிடும். அதற்கு நவம்பர் முன்னிரவுதான் சரி, மழை விட்டுக்கொடுத்தால்.

எம்82 ஐ ஏப்ரல் நடுவில் இரவு எட்டரைக்கு வடக்கே 28 பாகை உயரத்தில் சிறு தொலைகாட்டியால் பிடிக்கலாம். அன்ரெனாவுக்கு 8 அங்குலத் தொலைகாட்டியும் மே மாதத்து முன்னிரவும் வேண்டும். 63 பாகை ஏறுவதால் அது மட்டும் நமக்கு வசதி. எதற்கானாலும் அமாவாசையை ஒட்டிய நான்கைந்து நாட்களைத் தேர்ந்தெடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போன் திரையைப் பார்க்காமல் இருங்கள். உகந்தைப் பக்கம் இருட்டியபின் யானை நடமாட்டம் உண்டு, வண்டியைவிட்டுத் தூரம் போக வேண்டாம்.